மின்வழங்கியும் முரலோசையும்

இசையை விழையாதார் உலகத்து மிகச் சிலரே. அவ்விசையை விலைக்கு வாங்கிய கருவியிற் கேட்டு அமைவார் பலர். தம் கையாற் சமைத்த கருவியிற் கேட்டு மகிழ்வார் சிலர். அச்சிலருள் நம் கல்லூரி மாணாக்கரும் உளர். செவிக்கருவிக்குரிய சிறு பெருக்கி, இசைத்தட்டின் நுண்ணிய குறியை வாங்கி வளர்க்கும் முன்பெருக்கி, ஒலிவாங்கிப் பெருக்கி முதலியவற்றை விடுமுறை நாட்களில் இயற்றுவதில் நம் இளைஞர் காட்டும் ஊக்கம் பாராட்டத்தக்கதே. ஆயினும் இவர்தம் முயற்சியில் முறைமாற்றம் ஒன்று உளதெனக் காண்கின்றோம். பெருக்கியின் உறுப்புக்களைத் தேர்தற்கு ஒரு திங்கள் செலவிடுவார், அதற்கு மின்னூட்டும் கருவியைத் தேர்தற்கு ஒரு நாழிகையும் செலவிடுவதில்லை. கைக்கெட்டிய பழைய அடாப்டர் ஒன்றை இணைத்துவிடுகின்றனர். பின்னர்ப் பாட்டின் இடையே 'உம்' என்னும் முரலோசை எழுங்காற் பெருக்கியைப் பழிக்கின்றனர். ஒலிக்கருவி இயற்றுவார் முதற்கண் இயற்ற வேண்டுவது அமைதியான மின்வழங்கியே என்பதும், அவ்வமைதி பெரும்பொருளால் வருவதன்று, ஒழுங்கான அமைப்பால் வருவதே என்பதும் யாம் ஈண்டுக் கூறக் கருதியன.

தமிழ் பயில்வார்க்கு மின்னியலில் யாது தொடர்பு என வினவுவார் உளராயின், ஒலியை ஆராய்தல் நம் இலக்கணத்தார்க்குப் புதியதன்று என்க. தொல்காப்பியனார் எழுத்ததிகாரத்துட் பிறப்பியல் என ஓரியல் வகுத்து எழுத்தொலி பிறக்குமாற்றை விளக்குகின்றார். ஆண்டு அவர் உந்தியினின்று மேலெழும் காற்றையே முதலில் வைத்தார். நாவும் இதழும் பல்லும் அண்ணமும் அக்காற்றை உருப்படுத்தும் உறுப்புக்களாகப் பின்னர் வந்தன. ஒலிக்கருவிக்கும் இம்முறை நன்கு பொருந்துவதாம். மின்வழங்கி உந்திக் காற்றை ஒப்பது. பெருக்கி நாவையும் இதழையும் ஒப்பது. காற்று இரைப்புடையதாயின் நா எத்துணைப் பயிற்சி பெற்றதாயினும் சொல் தெளிவுறுமோ?

பெருக்கி என்பது சிறு குறியைத் தானே பெரிதாக்கித் தருகின்றது என்று பலரும் எண்ணுவர். உண்மை அஃதன்று. அது மின்வழங்கியினின்று வரும் மின்னோட்டத்தைக் குறியின் வடிவிற்கேற்பத் திறந்தும் அடைத்தும் விடும் ஒரு மதகேயாம். ஒலிபெருக்கியின் கூம்பை அசைப்பது வழங்கியின் மின்னோட்டமே. குறியானது மதகின் கைப்பிடியைத் திருப்பும் கை மட்டுமே. கால்வாயில் வரும் நீர் கலங்கலாயின், மதகு செவ்விதாயினும் வயலிற் பாயும் நீரிற் கலங்கலின் கூறு இருந்தே தீரும்.

அக்கலங்கல் யாது என்பதை இனி ஆராய்வோம். நம் இல்லங்கட்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமும், நொடிக்கு 50 முறை திசை மாறிச் சுழலும் இயல்பும் உடையது. இதனை ஒருதிசைப்படுத்துங்கால் இருபுற அலைகளும் ஒருபுறமாகி, நொடிக்கு 100 துடிப்பாகின்றன. 50, 100 என்னும் இவ்வதிர்வெண்கள் இரண்டும் செவியின் எல்லைக்கு உட்பட்டனவே. இவற்றுள் 100 என்பது இசை பயில்வார்க்கு எத்துணை இடர் விளைப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். 1 கட்டைச் சுருதியிற் பாடும் ஆடவர்க்கு மீட்டும் தம்பூராவின் பஞ்சமத் தந்தி ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். கருவியின் முரலோசை 100 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். இவ்விரண்டும் ஒருங்கு கலப்பின் நொடிக்கு இருமுறை விம்மித் தணியும் ஒரு போலி அசைவு செவியிற் படும். பாடகர் வேண்டாத ஒரு சுருதியைக் கருவி தானே கொணர்ந்து சேர்க்கின்றது. அச்சுருதி அவர்தம் சுருதியோடு சேர்வதுமில்லை. அவர் நிறுத்தியபோது நிற்பதுமில்லை. இசையின் உயிராகிய இடையமைதியிலேதான் அது மிகுதியாகப் புலப்படுகின்றது.

இக்குறையின் வரலாறு பழையது. வானொலிக் கருவிகள் முதன்முதல் இல்லங்களிற் புகுந்த காலத்து அவை மின்கலங்களாலேயே இயங்கின. மின்கலத்தில் அலைவு இன்மையின் முரலோசையும் இல்லை. ஆனால் மின்கலம் விலை மிக்கது, விரைவிற் சோர்வது, அமிலம் சிந்திக் கூடத்தைக் கெடுப்பது. சுவரில் வரும் மின்சாரத்தைக் கொண்டே வானொலியை இயக்கப் பலரும் முயன்றனர். கனடா நாட்டு டொராண்டோ நகரத்து எட்வர்டு ராஜர்ஸ் என்பார் 1925-ஆம் ஆண்டில் மின்கலம் வேண்டாத வானொலிக் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தார். அவர் 1927-இல் தொடங்கிய சி.எஃப்.ஆர்.பி. என்னும் ஒலிபரப்பு நிலையத்தின் பெயரில் இறுதி இரண்டெழுத்தும் ராஜர்ஸ் பெயரையும் 'மின்கலமற்ற' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லையும் குறிப்பன. முரலோசையை அடக்கிய வெற்றி ஒரு நிலையத்தின் பெயரிலேயே இடம்பெறும் அளவு பெரிதாகக் கருதப்பட்டது. மின்கலத்தின் அமைதியைச் சுவர் மின்சாரத்தினின்று பெறுவது எங்ஙனம் என்பதே அன்றும் இன்றும் மின்வழங்கி இயற்றுவார் முன் நிற்கும் வினா.

அவ்வினாவிற்கு விடை தரும் பழைய நெறியை நேரியல் மின்வழங்கி என்பர். அதன் உறுப்புக்கள் நான்கு: மின்மாற்றி, அலைதிருத்தி, மின்தேக்கி, நிலைப்படுத்தி.

மின்மாற்றியின் மூலத்தை நாடிச் செல்வோமாயின், லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே 1831-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள் செய்த சோதனையை அடைவோம். ஓர் இரும்பு வளையத்தின் ஒருபுறத்தும் மறுபுறத்தும் தனித்தனியே கம்பி சுற்றி, ஒன்றில் மின்னோட்டத்தை விட்டும் நிறுத்தியும், மற்றொன்றிலும் மின்னோட்டம் ஒரு கணம் எழக் கண்டார். புத்தகம் கட்டும் தொழிலிற் பயிற்சியாளராக இருந்து அறிவியலிற் புகுந்தவர் அவர். சாண்டிமேனியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையின் மூப்பராகவும் விளங்கியவர். இன்று ஒலிக்கருவி இயற்றுவார் விரும்பி வாங்கும் வளைய வடிவ மின்மாற்றி அவர் சுற்றிய வளையத்தின் வழித்தோன்றலே என்னலாம். இஃது அழுத்தத்தைக் குறைப்பதோடு அமையாது, உயிர்க்கு ஊறு விளைக்கும் 230 வோல்ட் கம்பியையும் நம் கைபடும் சுற்றையும் கம்பித் தொடர்பின்றிப் பிரித்தும் வைக்கின்றது.

ஏனைய உறுப்புக்களின் தொழிலை ஒரு கணக்கால் விளக்குவாம். துணைச்சுருளிற் பிறக்கும் அழுத்தம் 15 வோல்ட் எனக் கொள்வோம். அதன் உச்சம் 1.414 மடங்காதலின் 21.2 வோல்ட் ஆகும். நான்கு டையோடுகளால் அமைந்த பால வடிவ அலைதிருத்தியில் ஒரே நேரத்து இரு டையோடுகள் வழியே மின்னோட்டம் செல்லுமாகலின் ஏறத்தாழ 1.4 வோல்ட் கழியும். எஞ்சியது 19.8 வோல்ட். இவ்வுச்சம் நொடியில் நூற்றிலொரு பங்கிற்கு ஒருமுறையே வரும். இடைப்பட்ட நேரத்துக் கருவியைத் தாங்குவது மின்தேக்கி. மழைநீரைத் தேக்கிக் கோடையில் உதவும் ஏரி போல்வது அது. 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியினின்று 0.1 ஆம்பியர் எடுப்போமாயின், ஒரு துடிப்பிற்கும் அடுத்த துடிப்பிற்கும் இடையே அதன் அழுத்தம் ஏறக்குறைய 1 வோல்ட் தாழும். இத்தாழ்வும் ஏற்றமுமே சிற்றலை எனப்படும். மின்தேக்கியை இருமடங்காக்கின் சிற்றலை பாதியாகும். ஆனால் எத்துணைப் பெரிய ஏரியாயினும் நீர்மட்டம் அசையாதிராது. அசைவை முற்றும் மறைத்தற்கு நிலைப்படுத்தி வேண்டும்.

எல்.எம். 317 என்னும் சிறு நிலைப்படுத்தி இத்தொழிலிற் பல்லாண்டாகப் பெயர் பெற்றது. சென்னை ரிச்சி தெரு முதலிய கடைவீதிகளில் எளிதிற் கிடைப்பது. தன் வெளிமுனைக்கும் சரிசெய் முனைக்கும் இடையே 1.25 வோல்ட் வேறுபாட்டைக் காத்துக்கொண்டே இருப்பது அதன் இயல்பு. இரண்டு மின்தடைகளால் வேண்டிய அழுத்தத்தைப் பெறலாம். 240 ஓமும் ஏறக்குறைய 2,060 ஓமும் இணைப்பின் 12 வோல்ட் வரும். சரிசெய் முனையில் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைச் சேர்ப்பின் சிற்றலையை ஏறத்தாழ 80 டெசிபெல், அஃதாவது பதினாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். மேற்கூறிய 1 வோல்ட் சிற்றலை இதனால் 0.1 மில்லிவோல்ட் ஆகின்றது. சுவர் மின்சாரம் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோன மாலைப்பொழுதிலும் மின்தேக்கியின் தாழ்ந்த அழுத்தம் 16 வோல்ட்டிற்குக் கீழ்ச் செல்லாதாகலின் 12 வோல்ட் வெளிப்பாடு அசையாது நிற்கும். இக்கணக்கு முழுவதையும் ஒரு மாணவன் தாளும் எழுதுகோலும் கொண்டு ஒரு மாலையிற் செய்துவிடலாம் என்பதை அன்பர்கள் உளங்கொள்வாராக.

நிற்க. இதற்கு இருபுறத்தினின்றும் தடைகள் எழும். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது தடை: "நேரியல் வழங்கி பழங்காலத்தது, கனமானது, வெப்பமாக மின்சாரத்தை வீணாக்குவது. எஸ்.எம்.பி.எஸ். என்னும் புதுமுறை வழங்கி சிறிதாய், மலிவாய், சிக்கனமாய் இருக்க இதனைச் சுமப்பதென்னை?" என்பது. இதில் உண்மை உண்டு. மேற்கூறிய கருவியில் நாம் பயன்கொள்வது 1.2 வாட், நிலைப்படுத்தி மட்டுமே வெப்பமாகக் கழிப்பது ஏறக்குறைய 0.7 வாட். நூற்றுக்கணக்கான வாட் வேண்டும் பெருங்கருவிக்கு இம்முறை தகாது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் நாம் பேசுவது சிறு குறியைக் கையாளும் சிறு கருவியைப் பற்றியே. ஆண்டு 0.7 வாட் இழப்பு ஒரு பொருட்டன்று.

அன்றியும், புதுமுறை வழங்கியின் உள்ளியல்பையும் நோக்க வேண்டும். அது சுவர் மின்சாரத்தை முதலில் ஒருதிசைப்படுத்தி, பின்னர் நொடிக்குப் பல பதினாயிரம் முதல் சில இலட்சம் முறை வெட்டி வெட்டி ஒரு சிறு மின்மாற்றியிற் செலுத்துவது. அவ்வெட்டின் ஓசை செவிக்கு அப்பாற்பட்டதாயினும், சுமை குறைந்தபோது சில வழங்கிகள் விட்டு விட்டு இயங்குதலின் செவிக்குட்பட்ட கீச்சொலியாக அது இறங்கி வருவதுண்டு. மேலும், இருமுளை அடாப்டர்களிற் பலவற்றில் இடையூற்றலைகளை அடக்கும்பொருட்டு முதன்மைப் பக்கத்திற்கும் துணைப் பக்கத்திற்கும் இடையே ஒரு சிறு மின்தேக்கி இடப்பட்டிருக்கும். அதன் வழியே நுண்ணிய மின்னோட்டம் கசியும். மடிக்கணினியின் உலோக உடலைத் தடவுங்கால் விரல்நுனியிற் தோன்றும் மெல்லிய அதிர்வுணர்ச்சி இக்கசிவினதே. இக்கசிவு ஒலிக்கம்பியின் உறை வழியே மற்றொரு கருவிக்குச் செல்லுமாயின் முரலோசையாகும். நன்கு வகுக்கப்பட்ட புதுமுறை வழங்கிகள் மிக அமைதியானவையாக இருத்தல் கூடும் என்பதை யாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றைத் தானே இயற்றுதல் தொடக்க மாணவனுக்கு ஏற்றதன்று; அதன் முதன்மைப் பக்கத்து மின்தேக்கியில் 300 வோல்ட்டிற்கு மேற்பட்ட அழுத்தம் தேங்கி நிற்கும். நேரியல் வழங்கியோ, உறுப்புக்கள் தோறும் தொழிலை வெளிப்படையாகக் காட்டுவது. பல்லாண்டு கழித்துப் பழுதுற்றாலும் திறந்து செப்பனிடத்தக்கது. கற்கும் பருவத்தார்க்கு இதனினும் நல்லாசான் இல்லை என்பதே எம் கருத்து.

இரண்டாவது தடை இதற்கு நேர்மாறான திசையினின்று வருவது. "எல்.எம். 317 போன்ற எளிய நிலைப்படுத்தி யாருக்கு வேண்டும்? மிக நுண்ணிய இரைச்சலுடைய விலையுயர்ந்த உறுப்புக்களையும், தனிச்சிறப்புடைய மின்தேக்கிகளையும், விரலளவு தடித்த மின்கம்பிகளையும் வாங்கினாலன்றி அமைதி வாராது" என்பார் உளர். எல்.டி. 3045 போன்ற நிலைப்படுத்திகளின் இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட் அளவே என்பது உண்மை. அளவிடும் கருவிகட்கும் நுண்ணிய எண்வழி ஒலிக்கருவிகட்கும் அவை பேருதவி செய்வன. ஆனால் நம் மாணவர் பெரும்பாலும் பயன்கொள்ளும் என்.இ. 5532 போன்ற பெருக்கி உறுப்பு, வழங்கியில் வரும் தாழ்ந்த அதிர்வெண் அலைவைத் தானே ஏறக்குறைய 100 டெசிபெல், அஃதாவது இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகின்றது. முன்னரே 0.1 மில்லிவோல்ட் ஆகிவிட்ட சிற்றலை அதன்பின் எந்தச் செவிக்கும் எட்டாது. விலைப்பட்டியலை நோக்கி ஏங்குவார் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பின் அவர்தம் பணப்பை அவரை வாழ்த்தும்.

அங்ஙனமாயின், நல்ல நிலைப்படுத்தியும் நல்ல பெருக்கியும் இருந்தும் மாணவர் இயற்றிய கருவிகள் முரல்வதேன்? இவ்வினாவே இப்பொருளின் உயிர்நிலை. விடை கம்பிகளின் ஒழுங்கில் உளது.

மின்தேக்கி துடிப்பின் உச்சத்தில் மட்டுமே நிரம்பும் என்றோம். 0.1 ஆம்பியர் ஓயாது வெளியேறுமாயின், அதனை ஈடுசெய்யும் மின்னோட்டம் பத்தில் ஒரு பங்கு நேரத்திலேயே வந்து சேர வேண்டியிருத்தலின், பத்து மடங்காகி ஏறக்குறைய 1 ஆம்பியர்த் துடிப்பாக வரும். ஒரு சாண் நீளமுள்ள மெல்லிய இணைப்புக் கம்பியின் தடை 0.02 ஓம் அளவினது. அதில் 1 ஆம்பியர் பாயின் 20 மில்லிவோல்ட் தோன்றும். இசைத்தட்டு முள்ளினின்று வரும் குறியோ 5 மில்லிவோல்ட் அளவே. குறியின் தரைக்கம்பியும் இத்துடிப்பு செல்லும் கம்பியும் ஒன்றேயாயின், இசையினும் நான்கு மடங்கு பெரிய முரலோசை இசையோடு உள்ளே புகுந்துவிடும். ஆயிரம் ரூபா நிலைப்படுத்தியும் இதனை நீக்க மாட்டாது. ஏனெனில் இக்கேடு நிலைப்படுத்தியின் வழியாக வருவதன்று. கம்பியை உரிய இடத்தில் இணைத்தலே மருந்து; அதற்கு ஒரு காசும் செலவில்லை.

ஆகலின் அமைதியை நாடுவார் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள் சிலவற்றைத் தொகுத்துரைப்பாம்.

மின்மாற்றியினின்று அலைதிருத்திக்கும், அதனின்று முதல் மின்தேக்கிக்கும் செல்லும் கம்பிகள் குறுகியனவாய் ஒன்றோடொன்று முறுக்கியனவாய் இருத்தல் வேண்டும். கருவியின் பிற பகுதிகட்குச் செல்லும் தரைக்கம்பியை அலைதிருத்திக்கும் மின்தேக்கிக்கும் இடைப்பட்ட கம்பியினின்று எடுத்தலாகாது. மின்தேக்கியின் முனையைக் கடந்தபின் ஓரிடத்தினின்றே எடுத்தல் வேண்டும். எல்லாத் தரைக்கம்பிகளும் விண்மீனின் கதிர்கள் போல அவ்வோரிடத்திற் கூடுக. மின்மாற்றி தன்னைச் சூழக் காந்தப்புலத்தைப் பரப்புவதாகலின், அதனைக் குறிநுழையும் வாயிலினின்று இயன்ற அளவு தொலைவில் வைக்க. தொலைவு சிறிது மிகினும் புலம் பெரிதும் குறையும். முடுக்குமுன் மின்மாற்றியை மெல்லத் திருப்பித் திருப்பி முரலோசை மிகக் குறையும் நிலையைச் செவியாற் கண்டு, அந்நிலையில் நிறுத்துக. திருப்பும் ஒவ்வொரு முறையும் முளையைப் பிடுங்கிய பின்னரே கை வைக்க. இசைத்தட்டு முன்பெருக்கி போன்ற மிக நுண்ணிய கருவியாயின், மின்வழங்கியைத் தனிப்பெட்டியில் வைத்து நீண்ட கம்பியால் இணைத்தலே சிறந்தது. வளைய மின்மாற்றியை அதன் நடுவே செல்லும் ஆணியாற் பொருத்துங்கால், ஆணியின் இருமுனையும் உலோகப் பெட்டியைத் தொடலாகாது. தொடின் ஆணியும் பெட்டியும் சேர்ந்து மூடிய ஒரு சுற்றாகிப் பெருமின்னோட்டம் பாய்ந்து மின்மாற்றி கருகும்.

முரலோசை எங்கிருந்து வருகின்றது என்று அறிதற்கும் எளிய வழியுண்டு. சிறிது நேரம் மின்வழங்கியை நீக்கி, அதே அழுத்தமுடைய மின்கலங்களைக் கருவியில் இணைத்துக் கேட்க. முரலோசை மறையின் குற்றம் வழங்கியிலோ அதன் இணைப்பிலோ உளது. மறையாதாயின் அது புறத்தினின்று புகுவது. ஓசையின் தன்மையும் ஒரு சான்று. 'உம்' என்று தாழ்ந்து ஒலிப்பின் பெரும்பாலும் 50 ஹெர்ட்ஸ்; காந்தப்புலமோ, கருவிகளுக்கிடையே அமைந்த புவியிணைப்புச் சுற்றோ காரணமாகலாம். வண்டினம் போற் கரகரத்து ஒலிப்பின் 100-உம் அதன் மடங்குகளுமாம். மின்தேக்கியை நிரப்பும் துடிப்பையே முதலில் ஐயுறுக. தாழ்ந்த ஒலியினும் நடுத்தர ஒலியைச் செவி நுட்பமாகக் கேட்கும் என்பதை ஃபிளெச்சர், மன்சன் என்னும் இருவர் 1933-இல் அளந்து காட்டினர். ஆதலால் அளவிற் சிறிய கரகரப்பே செவிக்குப் பெரிதாகத் தோன்றி இடர் செய்யும்.

இனி, யாம் இக்கட்டுரையை எழுத முற்பட்டதற்குத் தலையாய காரணம் ஒன்றுண்டு. அதனைச் சற்று வலியுறுத்தியே கூற விரும்புகின்றோம். முரலோசையை நீக்குவதற்கென்று முச்செருகியின் புவிக்கம்பியைத் துண்டித்துவிடும் வழக்கம் பலவிடத்தும் காணப்படுகின்றது. மேடை ஒலியமைப்பாரிடமும், இல்லத்திற் கருவி இயற்றும் இளைஞரிடமும் இஃது ஒரு கைவந்த உத்தி போல வழங்குகின்றது. துண்டித்தவுடன் முரலோசை பல வேளைகளில் நிற்பதும் உண்மையே. ஆனால் அதனோடு காப்பும் நிற்கின்றது. பெட்டியினுள் 230 வோல்ட் கம்பி ஒன்று தளர்ந்து உலோகத்தைத் தொடுமாயின், புவிக்கம்பி உள்ள கருவியில் மின்னுருகி எரிந்து மின்சாரம் அறும்; புவிக்கம்பி அற்ற கருவியில் அவ்வுலோகம் மின்னேறி நின்று, தொடும் கைக்காகக் காத்திருக்கும். ஒரு கையில் ஒலிவாங்கியும் மறு கையில் இசைக்கருவியும் பற்றிப் பாடும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். அவன் மார்பின் ஊடே மின்சாரம் செல்வதற்கு வழி திறந்துவிட்டவர் யார்? அமைதியை விரும்பி அதனைச் செய்தவரே. ஓர் உயிரை விலையாகக் கொடுத்து வாங்கும் அமைதி நமக்கு வேண்டா.

புவியிணைப்புச் சுற்றால் எழும் முரலோசைக்கு நேரிய மருந்துகள் உள்ளன. இணைந்தியங்கும் கருவிகளை ஒரே பலகையினின்று மின்னூட்டுக. உலோகப் பெட்டியை எஞ்ஞான்றும் புவியோடு உறுதியாகப் பிணித்து, உட்சுற்றின் தரைமுனையை மட்டும் 10 ஓம் மின்தடை ஒன்றின் வழியாகப் பெட்டியோடு இணைத்து, அத்தடைக்கு இணையாக எதிரெதிர் நோக்கிய தக்க வலிமையுடைய இரு டையோடுகளை இடுக. சிறு முரலோசைக்கு அது தடையாகும். பழுது நேரின் டையோடுகள் பெருமின்னோட்டத்தைப் புவிக்குச் செலுத்தும். ஒலிக்குரிய தனிப்படுத்தும் மின்மாற்றியைக் குறிக்கம்பியில் இடுவதும் நன்று. உயிருள்ள கம்பியில் மின்னுருகி இருத்தல் வேண்டும். 230 வோல்ட் முனைகள் யாவும் உறையிடப்படல் வேண்டும். 30 மில்லியாம்பியர்க் கசிவிலேயே இணைப்பை அறுக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் காப்புக்கருவி அமைந்த பலகையிலேயே சோதனை செய்தல் வேண்டும். முதன்முறை இயற்றுவார், மாறுதிசை 12 வோல்ட்டோ 15 வோல்ட்டோ வெளியிடும் மூடிய மின்மாற்றி அடாப்டரை வாங்கி, அதன்பின் வரும் அலைதிருத்தி முதலியவற்றை மட்டும் தாம் இயற்றுவாராயின், 230 வோல்ட்டைத் தீண்டாமலே இக்கலையின் பெரும்பகுதியைக் கற்றுவிடலாம்.

இவற்றைப் படித்துவிட்டு அமைதலாற் பயனில்லை. நம் கல்லூரியில் மூன்று செயல்கள் நிகழ வேண்டும் என விரும்புகின்றோம். முதலாவது, பௌதிகக் கூடத்திலோ பிற இடத்திலோ ஒலிக்கருவி இயற்றப் புகும் ஒவ்வொரு மாணவனும் ஆசிரியர் கண்காணிப்பில் முதலில் ஒரு நேரியல் மின்வழங்கியை இயற்றி முடித்தல் வேண்டும். இரண்டாவது, அதன் வெளியழுத்தம், சிற்றலை, புவியிணைப்பின் உறுதி ஆகியவற்றை அளந்து, அவ்வளவுகளை எழுதிப் பெட்டியின் மூடியினுள் ஒட்டுதல் வேண்டும். "நன்றாக ஒலிக்கின்றது" என்பது புகழ்ச்சி. "சிற்றலை இத்துணை மில்லிவோல்ட்" என்பது அறிவு. மூன்றாவது, இப்பொருளில் ஒரு சிறு கைந்நூல் தமிழில் எழுதப்படல் வேண்டும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மிஷன் மருத்துவரான சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழிற் பெயர்த்துத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவத்தையே தாங்கிய மொழி ஒரு மின்வழங்கியைத் தாங்காதோ? பௌதிக மாணவர் பொருளைத் தருவாராக. தமிழ் மாணவராகிய யாம் சொல்லைத் தருவோம்.

மின்வழங்கியைக் காண்பார் இலர். அதனைப் புகழ்வாரும் இலர். இசை இனிதாயின் பாடகர்க்கும் பெருக்கிக்குமே புகழ் சேரும். மணலின்மேலும் கன்மலையின்மேலும் கட்டிய இரு வீடுகளைப் பற்றிய உவமையை நாம் இளமை தொட்டுக் கேட்டிருக்கின்றோம். காற்று மோதும் வரை அவ்விரு வீடுகளும் பார்வைக்கு ஒன்றே. வெளித்தோன்றாத அடிப்படையில் உழைப்பார் அரியர் என்பதனாலேயே அவ்வுழைப்பு நம் மாணவரிடத்து மிக வேண்டப்படுவது. ஆகவே ஒலிக்கருவி இயற்ற எண்ணும் நண்பர்கள் பெருக்கியின் படத்தைச் சற்றே ஒதுக்கி வைத்து, முதலில் மின்மாற்றியையும் நான்கு டையோடுகளையும் மேசைமேற் பரப்புவாராக. கம்பிகளை ஒழுங்குறுத்துக, புவிக்கம்பியைப் போற்றுக, அளந்து பார்த்து நம்புக. அமைதி கைகூடும், இசை அதன்மேல் வந்து அமரும்.